பெரியப்பா அனுப்பினா உண்மைதானே?

நேற்று அல்சூரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம். வாட்ஸ்அப்பில் வருவதை எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் பாடம்.

2012 ஆகஸ்டில் இதே பெங்களூரில் நடந்ததைச் சொன்னேன். குறுஞ்செய்தியில் பரவிய வதந்திக்குப் பயந்து வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் சிட்டி ஸ்டேஷனில் குவஹாத்தி ரயிலுக்கு முண்டியடித்தார்கள். ஒரே சமயத்தில் பலருக்கு மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப மத்திய அரசு 15 நாள் தடை போட்டது. இவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. கதை கேட்பதுபோல் கேட்டார்கள்.

அப்புறம் ஒரு பெண் தன் குடும்பக் குழுவில் வந்த வெள்ளப் படத்தைக் காட்டினாள். “நேத்து எடுத்ததாம் மிஸ்.” படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தோம். வேறு ஊர், பல வருடப் பழைய படம். வகுப்பே சிரித்தது, அவள் மட்டும் சிரிக்கவில்லை.

“பெரியப்பா அனுப்பினது மிஸ். பொய்யின்னு சொன்னா திட்டுவாரே, எப்படிச் சொல்றது?”

இதற்கு என் பாடக்குறிப்பில் பதில் இல்லை. குழுவில் போடாதே, தனியாகச் சொல்லு என்று ஏதோ சமாளித்தேன்.

2016-ல் 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்று வந்த வதந்தியை நானே நாலு பேருக்கு அனுப்பியவள். அதை மட்டும் வகுப்பில் சொல்லவில்லை.