மெல்லினத்தில் இரண்டு ன: ஜாவாவில் செட் உருவாக்கிப் பார்த்த அனுபவம்

மூன்று வாரமாக மாலை நேரங்களில் ஜாவா நிரல்மொழியில் ஒரு சொல் விளையாட்டு எழுதிவருகிறேன். சொல்லின் முதலெழுத்து வல்லினமா, மெல்லினமா, இடையினமா என்று நிரல் சொல்ல வேண்டும். ஆறு ஆறு எழுத்தாக மூன்று கணங்கள். ஒரே உறுப்பு இரண்டு முறை வராத தொகுப்பு என்பதால் செட்தான் பொருத்தம்.

முதல் வாரம் பாடத்தில் படித்தபடியே எழுதினேன். ஜாவாவின் வழக்கமான செட் வகையான ஹேஷ்செட் ஒன்றை வெறுமையாக உருவாக்கி, 'ஆட்' (add, சேர்) என்று ஆறு முறை அழைப்பது. மூன்று கணங்களுக்கு 21 வரிகள். எழுத்துகளைவிட 'ஆட்' என்ற சொல்தான் கண்ணில் பட்டது.

அடுத்து இரட்டை அடைப்பு முறை. ஹேஷ்செட்டுக்குப் பின் இரண்டு நெளிவு அடைப்புகளைத் திறந்து, உள்ளேயே உறுப்புகளைச் சேர்ப்பது. பார்க்க அழகு. ஆனால் கம்பைல் செய்த (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றிய) ஃபோல்டரைத் திறந்தால் டாலர் குறியுடன் 1, 2, 3 என்று மூன்று புதிய கிளாஸ் கோப்புகள்! ஒவ்வொரு செட்டுக்கும் பெயரில்லாத ஒரு கிளாஸ் பிறக்கிறது. அது தன்னை உருவாக்கிய ஆப்ஜெக்ட்டையும் பிடித்து வைத்திருக்கக்கூடும்; செட் பயன்பாட்டில் இருக்கும்வரை அந்த ஆப்ஜெக்ட்டும் நினைவகத்தை விட்டுப் போகாது. ஆறு எழுத்துக்கு இவ்வளவு பாரம் எதற்கு என்று அன்றே அழித்துவிட்டேன்.

பிறகு 'நியூ ஹேஷ்செட்<>(அரேஸ்.ஆஸ்லிஸ்ட்(...))'. எழுத்துகளை ஒரு பட்டியலாக்கி அப்படியே செட்டுக்குக் கொடுப்பது; ஒரு கணத்துக்கு ஒரு வரி. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். 'மலர்' கொடுத்தேன், மெல்லினம் என்றது. 'நிலா' கொடுத்தேன், எந்த இனமும் இல்லை என்றது. முதலெழுத்தைப் பிரிக்கும் பகுதியில்தான் கோளாறு என்று அரை மணி நேரம் அங்கேயே தேடினேன். கடைசியில் மெல்லினச் செட்டின் அளவை அச்சிட்டால் 5! ங, ஞ, ண, ன, ம, ன என்று தட்டியிருக்கிறேன். ந-வின் இடத்தில் ன. இரண்டாவது ன வந்தபோது ஹேஷ்செட் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது.

அதே தவறான வரியை, வேண்டுமென்றே திருத்தாமல், 'செட்.ஆஃப்' முறைக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தேன். 2017-இல் வந்த ஜாவா 9 தந்த வசதி இது: செட்.ஆஃப்('ங', 'ஞ', 'ண', 'ன', 'ம', 'ன'). கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. ஓடத் தொடங்கியதும் நிரல் நின்றது. பிழைச் செய்தியில் 'டூப்ளிகேட் எலிமென்ட்: ன'. அரை மணி நேரம் தேடியதை ஒரு வரியில் காட்டிவிட்டது. கையால் எழுதும் மாறாத பட்டியலுக்கு இந்தக் கண்டிப்புதான் வேண்டும் என்பது என் தீர்மானம். ஆட்டக்காரர் தட்டும் சொற்களைச் சேர்க்கும் இடம் வேறு. அங்கே ஒரே சொல் திரும்ப வருவது இயல்பு, செட்டும் வளர வேண்டும். அதற்கு ஹேஷ்செட்டே சரி. செட்.ஆஃப் தரும் செட்டில் பிறகு எதையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது, நல் (null, 'எதுவும் இல்லை' என்ற) மதிப்பையும் ஏற்காது. உள்ளே நல் இருக்கிறதா என்று கேட்டாலே எக்ஸெப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) எறியும்.

இரண்டு நாள் கழித்து இன்னொன்று புரிந்தது. மெல்லின எழுத்துகளைக் குறிப்பாகத் திரையில் காட்டினேன். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வரிசை வேறு. வரிசையை யாரும் நம்பக் கூடாது என்றே செட்.ஆஃப் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ட்ரீசெட்டில் போட்டால் வரிசை நிலைக்கும், ஆனால் யூனிகோட் எண்படி அடுக்குவதால் ம-வுக்கு முன் ன வந்து நிற்கிறது. ங, ஞ, ண, ந, ம, ன என்றே படித்த கண்ணுக்கு அது உறுத்தியது. கொடுத்த வரிசையைக் காக்கும் லிங்க்டுஹேஷ்செட்தான் காட்டும் வேலைக்குக் கைகொடுத்தது: 'நியூ லிங்க்டுஹேஷ்செட்<>(லிஸ்ட்.ஆஃப்(...))'.

ஆட்டத்தின் எந்த நிலையில் எந்த இனங்களைக் கேட்பது என்பதற்கு மூன்று இனங்களையும் ஈனமாக (enum, குறிப்பிட்ட சில மதிப்புகள் மட்டுமே கொண்ட வகை) வைத்துக்கொண்டு ஈனம்செட்.ஆஃப்(வல்லினம், மெல்லினம்) என்று எழுதினேன். உள்ளே ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பிட் மட்டுமே. 'காம்ப்ளிமென்ட்ஆஃப்' என்று அழைத்தால் மீதி இடையினம் தானாக வந்துவிடுகிறது. இந்த நிரலில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

இன்று மாலை உயிரெழுத்துகளைச் சேர்த்தேன். செட்.ஆஃப் மெத்தடுக்குப் பத்து உறுப்புகள் வரை தனித்தனி வடிவங்கள் இருக்கின்றன. பன்னிரண்டு கொடுத்தால் அரே வழியாகப் போகும் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது, எழுதும் விதம் மாறவில்லை. பன்னிரண்டாவதில் மட்டும் கம்பைலர் நிறுத்தியது. ஔ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டைத் தட்டியிருந்தேன். திருத்தியதும் அளவு 12 என்று வந்தது. அடுத்தது ஆய்த எழுத்து.