கொழும்புப் பட்டையும் சாயல்குடிக் கருப்பட்டியும்

மாவைத் திறந்து பார்த்தால் பாத்திரத்தின் விளிம்பு வரை பொங்கி நிற்கிறது. கீழக்கரை வெக்கையில் ஈஸ்டுக்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை.

சினமன் ரோல் மாவு. பட்டைப் பொடி தூவிச் சுருட்டிச் சுடும் இனிப்பு ரொட்டி அது. மைதா, பால், முட்டை, வெண்ணெய் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்தது.

உம்மா பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டையை நீட்டினார். வேண்டாம் என்று, பெரியம்மா கொழும்பிலிருந்து கொண்டுவந்ததை எடுத்தேன்.

அதை உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? சுருட்டைப் போல மெல்லிய அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டிருக்கும். விரலால் நசுக்கினாலே நொறுங்கும். கடையில் கிடைக்கும் தடித்தது பெரும்பாலும் கேசியா என்ற வேறு வகைப் பட்டை. ஒரே அடுக்கு, இடித்தால்தான் உடையும், காரமும் அதிகம். இலங்கைப் பட்டையில் இனிப்பு வாசம்தான் முந்திக்கொண்டு வரும்.

பொடியை மாவோடு பிசையக் கூடாது. பட்டையின் எண்ணெய் ஈஸ்டை மந்தமாக்கிவிடும். தேய்த்த மாவில் வெண்ணெய் தடவி, மேலேதான் தூவ வேண்டும். பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் சாயல்குடிக் கருப்பட்டியைச் சீவிப் போட்டேன்.

சுருட்டியதைக் கத்தியால் வெட்டினால் நசுங்கும். தையல் நூலை அடியில் கொடுத்து, மேலே குறுக்காக இழுத்தால் வட்டம் கலையாது.

1964 புயலுக்கு முன் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்தது. இப்போது எங்கள் வீட்டுக்கு அக்கரைப் பட்டை யாராவது ஒருவர் பெட்டியில் விமானம் ஏறித்தான் வருகிறது. அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் வந்துகொண்டிருக்கிறது.

பெருநாளைக்குத் தொதல் அல்வாவோடு இதையும் செய்துவிடு என்கிறார் உம்மா. அப்புறம் என்ன, செய்துவிடுவோம்!