டார்ச் தீ தடுமாறினால்: வீட்டுப் பட்டறையில் ரெகுலேட்டரைச் சோதிக்கும் முறை

காரைக்குடி வீடு ஒன்றின் பின்கட்டில், வெள்ளியில் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கவும் கண்ணாடி மணி உருட்டவும் போட்ட டார்ச் மேசைக்கான குறிப்பு இது. டார்ச் என்பது இங்கே எல்பிஜியும் ஆக்ஸிஜனும் சேர்ந்து எரியும் தீக்குழல்; சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்து அதற்கு அனுப்புவது ரெகுலேட்டர். தீ மஞ்சளானாலும் விட்டுவிட்டு எரிந்தாலும் முதலில் திட்டு வாங்குவது ரெகுலேட்டர்தான். சோதித்துப் பார்த்தால் கோளாறு பல நேரம் அதற்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும். ரெகுலேட்டர்தான் காரணம் என்று உறுதியானால் அதைக் கழற்றி நோண்டாமல் மாற்றிவிட வேண்டும். துருத்தியும் ஊதுகுழலும் வைத்துக் கழுத்துரு (செட்டிநாட்டுத் திருமணக் கழுத்தணி) செய்த ஆசாரிகளுக்கு இந்தத் தலைவலி இருந்ததில்லை.

அமைப்பு: 19 கிலோ வணிகச் சிலிண்டர், கேஜ் (அழுத்தம் காட்டும் முள்) உள்ள திருகு ரெகுலேட்டர், எல்பிஜிக்கென்றே விற்கும் ஹோஸ், டார்ச்சுக்கு முன் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் (தீ ஹோஸுக்குள் திரும்பி ஓடாமல் தடுப்பது). சமையல் சிலிண்டரை இதற்கு எடுப்பது விதிப்படி தவறு. அதன் ரெகுலேட்டரும் உதவாது. அது தருவது 30 மில்லிபார், சுமார் 0.03 கிலோ அழுத்தம் (கிலோ என்றால் இங்கே சதுர சென்டிமீட்டருக்கு). ஆக்ஸிஜனோடு எரியும் சின்ன பெஞ்ச் டார்ச்சுக்கு வழக்கமாக வைப்பது 5 பிஎஸ்ஐ, அதாவது 0.35 கிலோ. டீக்கடை அடுப்புக்கு மாட்டும் ‘ஹை பிரஷர்’ சரக்கில் சிலவற்றுக்குக் கேஜும் இல்லை, உள்ளே டயாபிரமும் (அழுத்தத்துக்கேற்ப அசையும் சவ்வு) இல்லை. அது வெறும் ஊசி வால்வு. டார்ச்சுக்கு வேண்டாம்.

சிலிண்டர் வைக்கும் இடத்துக்குச் செட்டிநாட்டு வீட்டில் தனி யோசனை வேண்டும். எல்பிஜி காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு ஓடிப் பள்ளத்தைத் தேடும். நம் வீடுகளில் பள்ளம் என்றால் முற்றமும் அதன் மழைநீர் வடிகாலும்தான். வானம் பார்த்த முற்றமாக இருந்தால் ஓரளவு கலைந்து போகும். வெயிலுக்கும் குரங்குக்கும் பயந்து மேலே ஷீட் போட்டு மூடிய முற்றத்தில் அப்படியே தங்கிவிடும். அதனால் சிலிண்டர் வெளியே, நிழலில், நிமிர்ந்து நிற்க வேண்டும்.

இனி சோதனை. டார்ச் வால்வுகளை மூடி, ரெகுலேட்டர் திருகை முழுக்கத் தளர்த்தி, சிலிண்டரை மெதுவாகத் திறக்கவும். முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். திருகைத் தொடாமலே ஏறினால் உள்ளே வாயு வழியை அடைக்கும் சீட் சரியாக மூடவில்லை. நின்றால், திருகி 0.35 வைத்து, டார்ச்சைப் பற்றவைத்துச் சிறிது எரியவிட்டு அணைக்கவும். அணைத்தவுடன் முள் ஒரு மயிரிழை ஏறி நிற்பது எந்த ரெகுலேட்டருக்கும் இயல்பு. பத்து நிமிடம் கழித்தும் ஊர்ந்து ஏறிக்கொண்டே இருந்தால் அதுதான் ஆபத்து. சிலிண்டர் துருவோ, யாரோ தேவையில்லாமல் சுற்றிய டெஃப்ளான் டேப்பின் பிசிறோ சீட்டில் உட்கார்ந்திருக்கும். சிலிண்டரை மூடி, ரெகுலேட்டரை ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் 0.35க்கு வைத்த ஹோஸில் சிலிண்டரின் முழு அழுத்தமும் ஏறப் பார்க்கும். 40 டிகிரி வெயிலில் தூய புரொப்பேனுக்கு அது 12 கிலோவைத் தாண்டும்.

முள் ஏறவில்லை என்றால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு அதே முள்ளைப் பாருங்கள். கால் மணி நேரத்தில் இறங்கினால் எங்கோ கசிவு. பாத்திரம் கழுவும் சோப்பு நீரை பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினால் இடம் தெரிந்துவிடும். தீக்குச்சியால் தேடும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது, சொல்லவே பயமாக இருக்கிறது. திருகு வால்வு சிலிண்டரில் மரை இடப்பக்கம் ஓடும். அழுத்தித் தடுப்பது முனையும் வாஷரும்தான், மரை இல்லை. அங்கே டேப் சுற்றிப் பயனில்லை. சொருகு வால்வில் உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம் உண்டு. அது வெடித்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ ரெகுலேட்டரை மாட்டியதும் ‘உஸ்’ என்று கேட்கும். சிலிண்டரைக் கொண்டு வருபவரிடமே மாற்றித் தரச் சொல்லலாம். ஆக்ஸிஜன் பக்கத்துக்கு எண்ணெய்ப் பசையில்லாத தனிச் சோப்புக் கரைசல், தனி பிரஷ்.

அடுத்தது மூச்சுத் துளை. ரெகுலேட்டர் தொப்பியின் பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும். டயாபிரம் மேலும் கீழும் அசைய அந்த வழியாகத்தான் காற்று போய்வரும். இந்த ஊரில் அதைக் குளவி விடுவதில்லை. சில நாள் வேலை நிறுத்தினால் போதும், மண்ணைக் குழைத்து அடைத்துவிடும். அடைபட்டால் தீ மூச்சு வாங்குவது போல் பெருத்துச் சிறுக்கும், திருகைத் திருப்பினால் தாமதமாகக் கேட்கும். மண்ணை ஈரப்படுத்தி மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். ஊசி விட்டால் டயாபிரம் கிழியும். துளை எப்போதும் கீழ்நோக்கி இருக்கட்டும். சுத்தம் செய்தபின் துளை மேல் சோப்பு நீரை ஒரு ஏடாகத் தடவித் திருகை அசைத்துப் பாருங்கள். ஏடு சற்று உப்பி, சற்று உள்வாங்கி நின்றால் நல்லது. நிற்காமல் குமிழியாக ஊதிக்கொண்டே போனால் டயாபிரம் போய்விட்டது.

தீ சீராக எரிந்து, இடையிடையே துப்பினால் ஹோஸைப் பாருங்கள். எல்பிஜியில் வரும் கன எண்ணெயும் ரப்பரிலிருந்து கரைவதும் சேர்ந்து, ஹோஸ் தொய்யும் இடத்தில் நாற்றமெடுத்த பிசுக்காகத் தேங்கும். வெளியே கொண்டுபோய்த் தொங்கவிட்டு வடிக்கலாம். அடிக்கடி வந்தால் ஹோஸை மாற்றுங்கள். ஆனால் அந்த ஹோஸுக்குள் ஆக்ஸிஜனை விட்டு ஊதிச் சுத்தம் செய்யவே கூடாது.

சிலிண்டர் முடியும் தறுவாயில் தீ மெலிவதற்கு ரெகுலேட்டர் பொறுப்பில்லை. நம் எல்பிஜி கலவையில் புரொப்பேன் −42 டிகிரியில் கொதிக்கும், பியூட்டேன் −0.5 டிகிரியில். இலகுவானது முதலில் போய்விட, கடைசியில் பியூட்டேன் அதிகமாகி அழுத்தம் குறையும். அதற்காகச் சிலிண்டரைப் படுக்கவைப்பது, வெந்நீரில் நிறுத்துவது எல்லாம் சமையலறைத் தந்திரம். படுக்கவைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வரும், தீ திடீரென்று நீளும். சிலிண்டர் மேல் ஐப்பசியில் வியர்வை பூத்தால் அது மழைக்கால ஈரம். ரெகுலேட்டர் மேலேயே பனி படிந்தால் திரவம் வந்துவிட்டது என்று அர்த்தம், உடனே மூடுங்கள்.

எல்பிஜி வாசனை வந்தால் சிலிண்டர் வால்வை மூடி, சுவிட்சைத் தொடாமல், கதவு திறந்து வெளியே போய் எல்பிஜி கசிவு அவசர எண் 1906க்கு அழைக்கவும்.

அடுத்து செய்யவிருப்பது: டார்ச்சின் வாயில் இன்னொரு சின்ன கேஜ். தீ எரியும்போது இரண்டு முள்ளும் காட்டும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் அடைப்பு ஹோஸிலோ அரெஸ்டரிலோ என்று பிரித்துவிடலாம்.