பயப்படுகிற நாளில்

அம்மா முல்லைத்தீவில் தாதியாக வேலை பார்த்தார். அப்பா நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அதனால்தான் நான் யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரி விடுதிக்கு வந்தேன். போரினால் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, சங்குப்பிட்டிப் பாதையும் இல்லாமல் போன பிறகு, அம்மா என்னைப் பார்க்க வருவதென்றால் கிளாலிக் கடலைத்தான் கடக்க வேண்டும். மோட்டார் பூட்டிய ஒரு படகு முன்னால் போகும். அதன் பின்னால் கயிற்றில் கட்டிய நாலைந்து படகுகள். எல்லாம் இரவில், வெளிச்சம் இல்லாமல். எங்கள் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் கல்லூரி மலரை வாசிக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

1993 ஜனவரித் தொடக்கத்தில் அந்தக் கடலில் படகில் வந்த பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அந்தச் செய்திக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் இருக்கும்போதே கை வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். எங்கள் ஊரில் அதைப் பதகளிப்பு என்பார்கள். வீட்டில் பெரியவர்கள் "ஏன் பிள்ளை இப்பிடிப் பதகளிக்கிறாய்?" என்று கேட்கிற அதே சொல்.

மாசி மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. 'வெள்ளி இரவு கடக்கிறேன், சனி காலை உன்னிடம் வருவேன்' என்று அம்மா எழுதியிருந்தார். சனி காலை வந்தது, அம்மா வரவில்லை. மத்தியானமும் போனது. பின்னேரம் பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து பீரங்கி செல் சத்தம் கேட்டது. பங்கருக்குள், அதுதான் பதுங்கு குழிக்குள், போய்த் திரும்பி வந்தோம். இரவு ஜெபம் முடிந்து எல்லாரும் படுத்துவிட்டார்கள். நான் ஜன்னலடியில் நின்றேன்.

விடுதிக்குப் பொறுப்பான ரீச்சர் விளக்கோடு வந்தார். மின்சாரம் இல்லாமல் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு எரிக்கிற விளக்கு அது. 'போய்ப் படு' என்பார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"பயமாக் கிடக்கோ?"

நான் இல்லை என்றேன். பயப்படுவது விசுவாசக் குறைவு, ஆண்டவருக்குப் பிடிக்காத காரியம் என்று எனக்குள் ஓர் எண்ணம் இருந்தது. ஞாயிறு பாடசாலையில் யாரோ சொன்னதாக இருக்கலாம். ரீச்சர் வேதாகமத்தின் 56ஆம் சங்கீதத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்."

"தாவீது பெலிஸ்தரிட்டைப் பிடிபட்ட நேரம் பாடினது இது. பயப்பிடாத நாளில எண்டு அவர் சொல்லேல்லை, பிள்ளை. பயப்பிடுற நாளில எண்டுதான் சொல்லுறார்."

அப்புறம் எதற்கெல்லாம் பயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். "சும்மா பயமாக் கிடக்கு எண்டு ஜெபிக்காத. என்னத்துக்குப் பயம் எண்டு அவருக்கு விபரமாச் சொல்லு." நான் சொன்னேன். அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. ஹெலி வந்தால் கடலில் ஒளிக்க இடமில்லை. அம்மா செத்துப் போனால் எனக்கு யார் சொல்லுவார்கள்? கடைசியாகச் சொன்னதுதான் தொண்டையில் நின்றது. சொல்லி முடித்ததும் நான் அழுதேன், அவரும் அழுதார். அந்தச் சங்கீதத்திலேயே 'என் அலைச்சல்களைத் தேவரீர் எண்ணியிருக்கிறீர்' என்று வருவதையும் அன்றுதான் கேட்டேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் நித்திரை வந்தது.

ஞாயிறு மத்தியானம் அம்மா வந்தார். வெள்ளிக்கிழமை படகு எதுவும் புறப்படவில்லையாம். அவருடைய சேலைக் கரை உப்பில் விறைத்துப் போயிருந்ததை இப்போதும் கையில் உணர்கிறேன்.

எங்கள் கல்லூரியின் கதையிலேயே இப்படியான காத்திருப்பு நிறைய இருக்கிறது. 1824இல் அதைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரி ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் தன் ஊருக்குத் திரும்பவே இல்லை, 1833இல் உடுவிலிலேயே இறந்தார். பின்பு அதை நடத்திய எலைசா அக்னியூ அம்மையார் 1840இல் யாழ்ப்பாணம் வந்து, 1883இல் கண்மூடும்வரை ஒருதரமாவது அமெரிக்கா போய் வரவில்லை. வீட்டிலிருந்து ஒரு கடிதம் வர மாதக்கணக்காகும் காலம் அது. சின்ன வயதில் இவர்களைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினேன். இப்போது, அந்தக் கடிதங்களுக்காக அவர்கள் எத்தனை இரவு விழித்திருந்திருப்பார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

1995 அக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது நான் பெரியம்மா குடும்பத்தோடு மானிப்பாயிலிருந்து போனேன். மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்கப் பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. அந்த வசனத்தை எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. முன்னால் போன ஒரு கிழவி 'முருகா, முருகா' என்று சொல்லிக்கொண்டே நடந்தார். விடியும்வரை இரண்டு பேரும் ஒரே நடையாக நடந்தோம்.

கனடா வந்த பிறகு பயமெல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். என் மகன் கார் ஓட்டப் பழகி, முதல் தடவையாகத் தனியே 401 நெடுஞ்சாலையில் போன இரவு, ஸ்காபரோ வீட்டு ஜன்னலடியில் மூச்சு விட முடியாமல் நிலத்தில் இருந்துவிட்டேன். மாரடைப்பு என்று நினைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். இதயம் நல்லாயிருக்கிறது, இது பதகளிப்பு நோய் என்றார்கள். மருந்து தந்தார்கள், மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். தெரிந்த ஒருவர், குளிசை போடுவது விசுவாசமில்லாத வேலை என்று என்னிடம் சொன்னார். அந்த வார்த்தை என்னை மிகவும் நோகடித்தது. அவர் சொன்னது பிழை என்று இங்கே தெளிவாகவே எழுதுகிறேன். இதை வாசிக்கும் பழைய மாணவி யாராவது அப்படி ஒரு பேச்சுக்காக மருந்தை ஒளித்து வைத்திருந்தால், தயவுசெய்து வெளியே எடுத்து ஒழுங்காகப் போடுங்கள். நான் இரண்டு வருடம் போட்டேன். ஜெபித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஆலோசகர் முதல் நாள் ஒரு தாளைத் தந்து, "உங்கள் பயங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள், பொதுவாக எழுத வேண்டாம்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்குக் காரணம் விளங்கவில்லை. நான் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிச் சொன்னேன்.

அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். போன வருடம்தான் கேட்டேன், அந்தக் கிளாலிப் படகில் உங்களுக்குப் பயமாக இருக்கவில்லையா என்று. "பயமில்லாமலோ! தண்ணிக்குள்ள கையை விட்டுக்கொண்டு உன்ர பேரைச் சொல்லிச் சொல்லி ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தனான்" என்றார். ஒரே இரவில் கடலின் அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும்.

மகன் பிந்தி வரும் இரவுகளில் எனக்கு இன்னும் கை வியர்க்கிறது. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, கதிரையை ஜன்னலடிக்கு இழுத்து, அவனுக்கு என்னென்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறேனோ அதையெல்லாம் ஆண்டவருக்கு விபரமாகச் சொல்லத் தொடங்குவேன். பாதியில் அறைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும்: "பிள்ளை வந்திட்டானே?"

"இன்னும் இல்லை அம்மா. நீங்களும் சொல்லுங்கோ."