மம்பட்டி சாரும் என் எலிவால் கேரட்டும்

போன டிசம்பரில், கொடைக்கானல் பள்ளி விடுதியில் நம்மிடம் தோட்ட வேலை வாங்கிய மம்பட்டி சார் காலமான செய்தி நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. இரங்கல் செய்திகள் வரிசையாக விழுந்துகொண்டிருக்க, ஒருத்தன் மட்டும் ஒரு கேரட் படம் போட்டான். அது யாருக்காகப் போட்டது என்று என்னோடு பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் ஆளாளுக்குக் கதை கட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமைத் தோட்ட வேலையைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைச் சமவெளியின் காய்ச்சலுக்குத் தப்பிக் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள்; உடம்பு தேறட்டும் என்று வந்தவர்கள். நாமோ அதே மலையில் சூரியன் எழும்புமுன் எழுந்து, உருளைக்கிழங்குச் செடியின் மேல் விழுந்த உறைபனியைத் தண்ணீர் தெளித்துக் கரைத்தோம். விரல்கள் நம்முடையவைதானா என்ற சந்தேகம் தீர எட்டு மணி ஆகும். அப்புறம் களை.

களை என்றால் கிக்குயு புல். கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலிருந்து வந்த அந்தப் புல்லுக்கு நம் குளிர் நன்றாகவே ஒத்துக்கொண்டது. மண்ணுக்குள் ஒரு கணு மிஞ்சினாலும் போதும், அடுத்த சனிக்கிழமை வந்து நிற்கும். பைபிள் வகுப்பில் மத்தேயு பதின்மூன்றாம் அதிகாரம், கோதுமையோடு களையும் சேர்ந்து முளைத்த வயலின் உவமை, நடந்த வாரம் அது. மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு நான் சாரிடம் சொன்னேன்: "சார், அறுப்புமட்டும் இரண்டையும் வளரவிடுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே."

பையன்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. திருநெல்வேலிப் பேச்சு அவரை விட்டுக் கடைசிவரை போகவில்லை. "ஏலே, அந்தக் களை கதிர் விடுற வரைக்கும் கோதுமை மாதிரியே இருக்கும். பிடுங்கினா வேரோட கோதுமையும் வந்துரும். அதுக்குச் சொன்னது அது. கேரட்டுக்கும் புல்லுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியலையா?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "சரி, வசனப்படியே செய்வோம்" என்று ஒரு பாத்தியில் என் பெயர் எழுதிய பலகையை நட்டார். அறுப்பின் பண்டிகை வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது, நானும் தொடக் கூடாது.

ஒரு பருவம் முழுக்க அந்தப் பலகையைத் தாண்டித்தான் சாப்பாட்டுக்குப் போனேன். பண்டிகை அன்று ஒவ்வொரு விடுதியும் முட்டைக்கோசும் பீட்ரூட்டும் கூடை கூடையாகப் பீடத்தின் முன் வைத்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் பாத்தியின் விளைச்சலையும் கொண்டுவரச் சொன்னார்கள். எலிவால் கனத்தில் ஒரு கைப்பிடி கேரட். பெண்கள் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பெற்றோர்களும் வந்திருந்தார்கள், நல்ல வேளை, என் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

ஆராதனை முடிந்து, படைத்த காய்கறிகளுக்கு ஏலம். என் கேரட்டைத் தூக்கிக் காட்டினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து "ஐந்து ரூபாய்" என்று சாரின் குரல். போட்டிக்கு ஆளே இல்லை, ஆனாலும் அவரே "பத்து" என்று தன் கேள்வியைத் தானே உயர்த்தினார். அந்தக் காலத்து அவர் சம்பளத்துக்குப் பத்து ரூபாய் சின்னத் தொகை இல்லை. காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவமானப்படுத்தியதும் அவர்தான், விலை கொடுத்ததும் அவர்தான். இதில் எதை முதலில் நினைப்பது என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை. இரட்சிப்பைப் பற்றி அதற்குப் பிறகு நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த ஏலம் அளவுக்கு எதுவும் குழப்பியதில்லை.

அவர் தோட்டத்தில் பிரசங்கம் செய்கிறவர் இல்லை. சமையலறைக்குப் பின்னால் இருந்த ஒற்றைப் பேரி மரத்தை மட்டும் சொல்லலாம். வருஷா வருஷம் பூக்கும், காய்க்காது. பள்ளி நிர்வாகம் வெட்டச் சொன்ன ஒவ்வொரு முறையும் "இந்த வருஷமும் இருக்கட்டும்" என்று, லூக்கா சுவிசேஷத்தில் காய்க்காத அத்திமரத்துக்காகப் பரிந்து பேசும் தோட்டக்காரன் பேச்சையே பேசுவார். பேச்சோடு நிற்காமல் சுற்றிலும் கொத்தித் தொழுவுரமும் போடுவார். போட்டது நாங்கள்தான் என்பது வேறு விஷயம்.

பேரியில் பல ரகங்கள் தன் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காது, பக்கத்தில் வேறு ரக மரம் ஒன்று வேண்டும் என்று டொராண்டோவில் ஒரு நாற்றுக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. குறை எருவில் இல்லாமல் இருந்திருக்கலாம். அன்று இரவே சாருக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதவில்லை. 2006-இலும் 2018-இலும் மலையில் குறிஞ்சி பூத்தது. இரண்டு முறையும் பிள்ளைகளின் பள்ளி, வேலை, டிக்கெட் விலை என்று காரணங்கள் கைவசம் இருந்தன. வெளிநாடு வந்ததில் எனக்கு வருத்தமில்லை என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் மனைவிக்குச் சந்தேகம் வந்தது.

சார் பெயரில் பளிங்குக்கல் வைக்கப் பழைய மாணவர் சங்கம் பணம் திரட்டுவதாக அறிகிறேன். கல் வேண்டாம். அந்த மரம் இன்னும் நின்றால், பக்கத்தில் வேறு ரகப் பேரியில் ஒட்டுக்கன்று ஒன்று நடலாம். கன்றுக்கும் நாலைந்து வருஷ எருவுக்கும் நான் பணம் அனுப்புகிறேன். குழி தோண்ட ஊரில் இருப்பவர்கள் யாராவது பெயர் கொடுங்கள்.