மீறுதல் பற்றிய கேள்வியை மோவாபிலிருந்து தொடங்குங்கள்

பகலில் அலுவலகம், மாலையில் கீழ்ப்பாக்கம் பக்கம் ஏதாவது ஒரு நூலகம் என்று சென்னையில் இறையியல் படிப்பவர்களுக்கு இது பயன்படும். ‘வேதாகமச் சிந்தனையில் மீறுதலின் பொருளை விளக்குக’ என்று கேள்வி வந்தால், பாவம், அக்கிரமம், மீறுதல் என்று மூன்று தலைப்புப் போட்டு, அகராதிப் பொருளை எழுதி ஒப்பேற்றுவதுதான் வழக்கம். நான் தேர்வில் பழைய ஏற்பாட்டில் இஸ்ரவேலின் அண்டை நாடான மோவாபிலிருந்து தொடங்கினேன். நீங்களும் அப்படியே தொடங்கலாம்.

2 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோவாபின் ராஜா மேசா, இஸ்ரவேலுக்கு லட்சம் ஆட்டுக்குட்டிகளும் லட்சம் கடாக்களும் செலுத்திவந்தவன். இஸ்ரவேலின் ராஜா ஆகாப் இறந்ததும் கலகம்பண்ணினான். இந்தக் கலகத்துக்கு எபிரேயத்தில் உள்ள வினை ‘பாஷா’. சங்கீதம் 51இல் ‘மீறுதல்கள்’ என்று நாம் வாசிக்கும் ‘பேஷா’ அதே வேரிலிருந்து வருவது. ஆக, மீறுதல் வெறும் விதிமீறல் அல்ல. கட்டுப்பட்டவன் தன் மேலரசரை உதறுவது. கிஸ்தி கட்ட மறுத்த கட்டபொம்மனை வீரன் என்று போற்றும் நமக்கு இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். 1868இல் கண்டெடுக்கப்பட்டு இன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மேசாவின் கல்வெட்டு, மோவாபுக்குக் கிடைத்த விடுதலையைத்தான் கொண்டாடுகிறது. அப்படியானால் மேலரசருக்கு ஆளும் உரிமை உண்டா என்பதே முதல் கேள்வி. ஏசாயா 1:2 அதற்குப் பதில் வைத்திருக்கிறது: பிள்ளைகளை வளர்த்து ஆதரித்த கர்த்தருக்கு எதிராகவே அந்தக் கலகம். இங்கேயும் அதே வினைதான்.

அடுத்து தீர்க்கதரிசி ஆமோஸின் நூலில் 1, 2 அதிகாரங்கள். ஒத்துவாக்கிய அகராதியில் (எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் நூல்) ‘மீறுதல்’ என்று மட்டும் தேடினால் இவை அகப்படாது; பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அங்கே ‘பாதகங்கள்’ என்றிருக்கிறது. தமஸ்கு இஸ்ரவேலின் கீலேயாத் பகுதியை இரும்புக் கருவிகளால் போரடித்தது. மோவாப் தன் அண்டை நாடான ஏதோமின் ராஜாவுடைய எலும்புகளை நீறாகச் சுட்டது. கவனியுங்கள்: மோவாப் செய்த கொடுமை இஸ்ரவேலுக்கு எதிரானதே அல்ல. சீனாய் மலையில் கட்டளை பெற்றவர்களும் அல்ல மோவாபியர். கர்த்தருடைய வேதத்தை வெறுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு யூதாவின் முறை வரும்போதுதான் எழுகிறது. எழுதிக் கொடுத்த சட்டம் இல்லாத இனங்களையும் கலகக்காரர் என்று தீர்க்கதரிசி சொல்கிறார் என்றால், எல்லா இனங்களுக்கும் அரசர் ஒருவரே என்பது அவருடைய துணிபு. விடையின் உயிர்நாடி இந்தப் பத்தி. இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

உடனே பவுல் குறுக்கே வருவார். ‘நியாயப்பிரமாணமில்லாவிட்டால் மீறுதலுமில்லை’ (ரோமர் 4:15); நியாயப்பிரமாணம் என்றால் மோசே வழியாகக் கொடுக்கப்பட்ட சட்டம். ஆமோஸுக்கு முரண் போலத் தெரியும். பயந்து இதை விட்டுவிடாதீர்கள். தேர்வாளர் எதிர்பார்ப்பது இந்த உரசலைத்தான். பவுல் கையாளும் கிரேக்கச் சொல் ‘பராபாசிஸ்’, வரம்பைத் தாண்டிப்போவது. தாண்டுவதற்கு வரம்பு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் ரோமர் 5இல், ஆதாமுக்கும் மோசேக்கும் இடையே பாவம் இருந்தது, ஆனால் அக்காலத்தவர் ஆதாமின் மீறுதலுக்கு ஒப்பாகப் பாவஞ்செய்யவில்லை என்று பிரித்துப் பேசுகிறார். ஆமோஸ் அரசரை வைத்துப் பேசுகிறார், பவுல் கட்டளையை வைத்துப் பேசுகிறார் என்று எழுதினால் இரண்டும் நிற்கும்.

பவுலுக்கு அவசியமான இந்தப் பிரிவினையைச் சங்கீதம் 51இல் திணிக்காதீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான லெந்து நாட்களில் சபையாகச் சேர்ந்து வாசித்துப் பழகியவர்களுக்கு அதன் நடை தெரியும்: மீறுதல், அக்கிரமம், பாவம் மூன்றும் அடுத்தடுத்த அடிகளில் ஒன்றையொன்று தாங்கி வருகின்றன. அது எபிரேயக் கவிதையின் இணையடி முறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலக்கணம் வகுத்து நீட்டி முழக்கும் விடைகள் எனக்கு உவப்பில்லை.

நேரம் நெருக்கினால், மீறுதல்கள் நீங்குவதைப் பற்றிப் பேசும் லேவியராகமம் 16, ஏசாயா 53 இரண்டையும் ஆளுக்கொரு வரியில் முடித்துவிடலாம். ஆமோஸைச் சுருக்க வேண்டாம்.