"எதுத்துப் பேசினா டீச்சர்": ஐந்தாம் வகுப்பு நாட்குறிப்பு

ஜூலை 8, செவ்வாய்

(பிள்ளைகள் யாரென்று தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

காலை உணவு முடிந்து குழாயடியில் தட்டு கழுவும் நேரம். என் வகுப்புப் பையன் ஒருவன் தன் தட்டை நீட்டிக்கொண்டு நின்றான். இரண்டாவது படிக்கும் அவன் தங்கை தன் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவனுடையதை வாங்கித் தேய்த்தாள். ஓரத்தில் காய்ந்திருந்த கிச்சடியை நகத்தால் சுரண்டினாள். சரியாகப் போகவில்லை போல, பிடரியில் ஒன்று வைத்தான். பலமான அடி இல்லை. அவள் அழவில்லை, திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. இன்னொரு தடவை தேய்த்தாள்.

அண்ணன் தங்கச்சி சண்டை என்று இத்தனை வருஷம் தாண்டிப் போயிருக்கிறேன். இன்று தாண்ட முடியாமல் போனதற்குக் காரணம் அவள் அழாததுதான்.

ஜூலை 9, புதன்

மனக்கணக்கில் ஒரு பெண் அவனை முந்திக்கொண்டு விடை சொன்னாள். இடைவேளையில் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசிவிட்டான். காம்பஸ் வளைந்துபோனது.

"ஏன்டா வீசின?"

"எதுத்துப் பேசினா டீச்சர்."

"கணக்குக்கு விடைதானே சொன்னா?"

"அதான்."

எனக்கு வந்த கோபத்தில், "போ, போய்ப் பொண்ணுங்க நடுவுல உக்காரு" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. காது சிவக்க, தலையைக் குனிந்தபடி மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

இரவு பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. பெண்கள் பக்கத்தில் உட்காருவது அவமானம் என்று அவனுக்கு இன்று பாடம் எடுத்தது நான். அங்கே உட்கார்ந்திருந்த பதினொரு பெண்களுக்கும் அதே பாடம்தான் போயிருக்கும். என் வாத்தியார்களும் இதைத்தான் செய்தார்கள், பெரிய தண்டனை என்று யாரும் நினைத்ததில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு அடிப்பதை மட்டுமா தடுக்கிறது? மனத்தைப் புண்படுத்துவதையும் சேர்த்துத்தான் தடுக்கிறது.

ஜூலை 12, சனி

"எதுத்துப் பேசினா" என்ற வார்த்தை மனசை விட்டுப் போகவில்லை. தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21) ஒரு கேள்வி உண்டு: கணவன் மனைவியை அடிப்பது எந்தெந்தக் காரணத்துக்குச் சரி? ஏழு காரணங்களைக் கொடுத்துக் கேட்கிறார்கள். சொல்லாமல் வெளியே போனால், சரியாகச் சமைக்காவிட்டால் என்று போகும் அந்தப் பட்டியலில் எதிர்த்து வாதாடினால் என்பதும் ஒன்று. ஒரு காரணத்துக்காவது அடிக்கலாம் என்று சொன்னவர்கள் இந்திய அளவில் பெண்களில் 45 சதவீதம், ஆண்களில் 44 சதவீதம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் ஏதோ ஒரு வன்முறையை அனுபவித்தவர்கள். எதிர்த்துப் பேசினால் அடிக்கலாம் என்ற அந்த வாக்கியத்தைப் பத்து வயதுப் பையன் மனப்பாடமாக வைத்திருக்கிறான்.

ஜூலை 18, வெள்ளி

ஒரு வாரமாகத் தனி நோட்டுப் போட்டுக் கவனித்தேன். எத்தனை முறை அடித்தான் என்ற கணக்கு பெரிதாக எதையும் சொல்லவில்லை. பசங்க அடித்துக்கொள்வது தினமும் நடக்கிறது, அடுத்த நிமிஷம் தோளில் கை போட்டுக்கொள்கிறார்கள். குழந்தை அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் இரண்டு மூன்று வயதில்தான், பிறகு பேசக் கற்றுக்கொண்டு குறைத்துக்கொள்கிறது என்று கனடாவில் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே பல வருஷம் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார். யாரை அடிக்கிறான், அடித்த பிறகு என்ன சொல்கிறான் என்று பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஏழாவது படிக்கும் பையன் வம்புக்கு இழுத்தால் இவன் ஒதுங்கிப் போகிறான். கை நீளுவது தங்கையிடமும் வகுப்புப் பெண்களிடமும் மட்டும். ஒவ்வொரு தடவையும் தப்பு அவளுடையதுதான்.

தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். "ஆம்பளப் புள்ளைங்கன்னா அப்படித்தான் டீச்சர், டிசி குடுத்துடுவோம்னு ஒரு மிரட்டு மிரட்டுங்க" என்றார். மிரட்டினால் அடங்கிவிடுவான். தன்னைவிடப் பெரியவர்களிடம் அடங்க அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஜூலை 22, செவ்வாய்

பையனின் அம்மா வந்தார். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு நேரே வந்த களைப்பு. "உக்காருங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். புகார் சொல்லக் கூப்பிட்டதாக நினைத்தாரோ என்னவோ, அவரே ஆரம்பித்தார்: "அப்படியே அவங்கப்பா டீச்சர்." சிரித்தபடிதான் சொன்னார், பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. "கூலி வந்தா, அதுல எவ்ளோ எடுத்தேன்னு இவன் என்னைக் கேக்கறான் டீச்சர்."

நான் மேலே துருவவில்லை. பையன் கெட்டவன் இல்லை, இந்த வயதில் மாற்ற முடியும் என்றேன். மாண்ட்ரியலில் எண்பதுகளில், முரட்டுத்தனம் அதிகமிருந்த சின்னப் பையன்களுக்கும் பெற்றோருக்கும் சேர்த்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்தார்கள். 24 வயதில் பார்த்தபோது பயிற்சி இல்லாதவர்களைவிட இவர்களில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் அதிகம், குற்றப் பதிவு உள்ளவர்கள் குறைவு. அந்த அம்மாவிடம் மாண்ட்ரியல் கதை எதற்கு? "ரெண்டு பேரும் சேந்து பாப்போம்மா" என்று மட்டும் சொன்னேன். பெண்களுக்கான உதவி எண் 181, எந்நேரமும் பேசலாம் என்றும் சொன்னேன். போனில் வேறு ஏதோ பெயர் போட்டுச் சேமித்துக்கொண்டார். எந்தப் பெயரில் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இருக்கை வரிசையை மாற்றிவிட்டேன். திங்கட்கிழமைதோறும் சீட்டுக் குலுக்கி யார் யாரோடு என்று எடுக்கிறோம், ஆண் பெண் பார்ப்பதில்லை. முதல் வாரம் முனகல், இப்போது யாரும் கண்டுகொள்வதில்லை. அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும் என்றும் வைத்தாயிற்று. நானும் அதே குழாயில்தான் கழுவுகிறேன். ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளை எடுத்து, அதில் ஒரு பகுதியில் இரண்டரை வருஷம் ஆண் பெண் சமத்துவத்தைப் பற்றி வகுப்பில் பேசிப் பார்த்தார்கள். அங்கே பையன்களின் எண்ணம் மாறியதோடு, வீட்டு வேலையும் கூடுதலாகச் செய்வதாகச் சொன்னார்கள். அது ஏழாவதுக்கு மேல். ஐந்தாவதிலேயே ஆரம்பித்தால் என்ன?

ஆகஸ்ட் 7, வியாழன்

வளைந்த காம்பஸை அவனும் நானும் உட்கார்ந்து நிமிர்த்தினோம். வேலை நடக்கும்போது, "அன்னிக்குக் கோவம் எங்கடா வந்துச்சு, கையிலயா தலையிலயா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

"இங்க அடைக்கும் டீச்சர். அப்பா கத்தறப்பவும் இங்கதான்."

திருகைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். என்ன சொல்வது? காம்பஸை அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் வட்டம் போட்டுப் பார்த்தாள். முடியும் இடத்தில் கொஞ்சம் சேரவில்லை, ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அவன் தட்டை அவனே கழுவுகிறான், ஒரு வாரமாக. தங்கை பழக்கத்தில் கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொள்கிறாள்.

இன்று மதியம் சத்துணவு வரிசையில் ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டான். முட்டியில் சிராய்ப்பு, தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டேன். அவனைக் கூப்பிட்டு, "ஏன்?" என்றேன்.

"எது..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தான். நானும் காத்திருந்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. வகுப்புக்கு அனுப்பிவிட்டு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்தேன்.